உங்களுக்குத் தெரியுமா? தீவுக்கு ஓர் இரவு வேண்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ராமேசுவரம் போகிறவர்கள் பாம்பன் தீவில் ஓர் இரவாவது தங்க வேண்டும். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதைக் கடந்ததும் பயணம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீராடி, ஈரத்துணி மாற்றி, தரிசனம் முடிப்பதற்குள் உச்சிவெயில் ஏறிவிடும். தனுஷ்கோடிக்கோ அங்கிருந்து இன்னும் சுமார் இருபது கிலோமீட்டர். மாலைக்குமேல் அங்கே அனுமதியும் இல்லை. ஒரே நாளில் திரும்பினால் விடுதிச் செலவு மிச்சம்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் பவளப்பாறைச் சுவரருகே நின்று, ஓர் ஊர் அழிந்த கதையை உணர அவசரம் விடாது. களைத்த கண்களோடு இரவில் வண்டி ஓட்டுவதும் ஆபத்து. அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் ஓர் இரவு வாடகை பெரிதல்ல.