இப்னு பதூதாவுடன் ஓர் இரவு

மொராக்கோவின் தஞ்சா நகரிலிருந்து 1325ஆம் ஆண்டு புறப்பட்ட இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பதாண்டு உலகைச் சுற்றி மீண்டு, தம் பயண வரலாற்றை இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதிக்கொள்ள எடுத்துரைத்தார். 'ரிஹ்லா' எனப்படும் அந்நூல் 1355இல் நிறைவுற்றது. அவர் கண்டவற்றை நாமும் காணுமாறு மெய்நிகர் காட்சியாக அமைப்பது எங்ஙனம் என்பதை இங்கு நோக்குவோம்.

தலையில் அணியும் கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். 1968இல் ஐவன் சதர்லாந்து ஆக்கிய முன்னோடிக் கருவி, கனம் மிகுதியால் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டது. இன்றைய கருவி இலகுவானதே. எனினும் கண் அசைவைக் காண, உட்செவி அசைவை உணராவிடின் குமட்டல் எழும்.

இலங்கையிலிருந்து மஅபர் எனப்பட்ட நம் கடற்கரைக்கு வருகையில் இப்னு பதூதாவின் கலம் புயலில் சிக்கித் தரைதட்டியது. தோழர்களை மிதவையில் அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுதும் கலத்தின் பின்புறத்தில் தங்கினார். விடிந்தபின் கரையோர மக்கள் படகில் வந்து மீட்டனர். புயலைக் காட்டப் புகுந்தால் காண்போர் மயங்குவர். தரைதட்டிய பிந்திய இரவையே தேர்ந்தால், அவரும் அமர்ந்திருக்கிறார், நாமும் அமர்ந்திருக்கிறோம். இருளும் அலையோசையும் போதும். குறைவாகக் காட்டுவதே இங்கு உண்மைக்கும் நெருக்கமானது.

எல்லாவற்றையும் அவர் கூற்றாகவே காட்டுதலும் தகாது. புகாராவில் எடுத்த குறிப்புகளைக் கடற்கொள்ளையில் இழந்ததாக அவரே கூறுகிறார். திமிஷ்கு பற்றிய பகுதியிலோ, முன்னவரான இப்னு ஜுபைரின் எழுத்து பெரிதும் கலந்துள்ளது. நேரிற் கண்டதும் பிறர்வழி வந்ததும் ஒரே வண்ணத்தில் விளங்குமாயின், மாணவர் ஏமாறுவர்.

மதுரைச் சுல்தான் கியாசுத்தீன், இப்னு பதூதாவின் மனைவியின் சகோதரியை மணந்தவர், உறவினர். ஆயினும் அவர் பெண்டிரையும் சிறாரையும் கொல்வித்த கொடுமையை நூலாசிரியர் மறைக்கவில்லை, கடிந்தே எழுதுகிறார். நம்மவர் என்பதற்காக அப்பகுதியை நீக்கிவிடலாமே எனச் சிலர் கூறக்கூடும்; நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குடும்பத்தை வெட்டுமாறு சுல்தான் ஆணையிட்டபோது, தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவே அவர் எழுதுகிறார். கருவி அணிந்தவரும் தலையைத் திருப்ப இயலும் அன்றோ? கொலையைக் காட்சியாக வரையாமல், ஆணையை மட்டும் ஒலியாகக் கேட்கச் செய்து, காண்போர் எத்திசை நோக்குகிறார் என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.