பரீட்சைக் கச்சேரியா, ஆராய்ச்சிக் கூடமா?

சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், சேர்வராயன் மலை வலப்புறம் தொடர்ந்து வர, சிறிது தூரம் சென்றால் கருப்பூர் வரும். அங்கேதான் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. பெரியார் ஈ. வெ. ராமசாமியின் பிறந்த தினமாகிய செப்டம்பர் 17-ஆம் தேதியில், 1997-ஆம் வருஷம் அது தோன்றியது. "அறிவால் விளையும் உலகு" என்பது அதன் இலட்சிய வாக்கியம். அதற்கு முன் சென்னைச் சர்வகலாசாலையை நம்பியிருந்த சேலம், நாமக்கல், தருமபுரிப் பிரதேசத்துக்குச் சொந்தமாக ஒரு சர்வகலாசாலை கிடைத்தது.

2021-ஆம் வருஷத்தில் தேசிய மதிப்பீட்டுக் குழுவினர் அதற்கு 'ஏ பிளஸ் பிளஸ்' என்னும் உயர்ந்த தரத்தை அளித்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால், முதல்தர ஆராய்ச்சி நிலையமாவதற்கு அந்த முத்திரை மட்டும் போதுமா என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சர்வகலாசாலைக்கு இரண்டு வேலைகள் உண்டு. உலகம் அறிந்ததைக் கற்பித்துப் பரீட்சை வைப்பது ஒன்று. உலகம் அறியாததைத் தேடிக் கண்டுபிடிப்பது மற்றொன்று. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தோன்றிய சர்வகலாசாலைகள் முதல் வேலைக்கென்றே ஏற்பட்டவை. அந்தச் சுமை இன்னும் இறங்கவில்லை. கருப்பூரிலும் நூற்றுக்கு மேற்பட்ட கலாசாலைகளுக்குப் பாடத்திட்டம் வகுத்து, கேள்வித்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்திப் பட்டம் வழங்கியாக வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஆராய்ச்சிக்கு எஞ்சும் பொழுது எவ்வளவு?

கல்கத்தா இதற்கு வழி காட்டியது. துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி, வக்கீல் தாரகநாத் பாலித் அளித்த பெருங்கொடையைக் கொண்டு ஒரு பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார். சர்க்கார் நிதி இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்துவந்த சி. வி. ராமன், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லையென்று 1917-இல் அப்பதவியை ஏற்றார். 1930-இல் நோபல் பரிசு பாரத நாட்டுக்கு வந்தது. தகுந்த மனிதர், அவருக்கு ஓய்வு, கருவிக்குப் பணம்: இம்மூன்றும் சேர்ந்தால்தான் ஆராய்ச்சி.

ஆராய்வதற்குச் சேலம் சீமையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. கருப்பூருக்கு அருகிலுள்ள வெண்ணிறக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் 'சுண்ணாம்புக் குன்றுகள்' என்று பெயரிட்டார்கள். உள்ளே இருப்பதோ சுண்ணாம்பன்று; உருக்குலைகளின் உட்புறத்தில் பதிக்கும் செங்கற்களுக்கு உதவும் மாக்னஸைட். வெளித்தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தை அளப்பதுதானே ஆராய்ச்சி? சமவெளிக்கு இறங்கினால் குச்சிக்கிழங்கு வயல்கள். வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் அவற்றை வாட்டுகிறது. ஏத்தாப்பூரில் விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அப்பயிரைக் கவனித்து வருகிறது. ஆனால் ஜவ்வரிசி ஆலைகளில் மிஞ்சும் திப்பியையும் கழிவுநீரையும் என்ன செய்வது? தருமபுரிப் பக்கத்துக் கிணற்று நீரில் மிகுந்து, குழந்தைகளின் பல்லைக் கறையாக்கும் புளோரைடை எப்படி நீக்குவது? இக்கேள்விகளுக்கு எளிய, மலிவான விடை கண்டால், குடியானவனும் சர்வகலாசாலையைத் தன்னுடையது என்று கொண்டாடுவான்.

இதற்கு மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். காலியாகும் ஆசிரியர் இடங்களைச் சர்க்கார் தாமதமின்றி நிரப்ப வேண்டும். லாரியாலும் கோழிப்பண்ணையாலும் ஜவ்வரிசியாலும் செல்வம் சேர்த்த நாமக்கல், சேலம் கனவான்கள் பாலித்தைப் போல் பேராசிரியர் பதவிகளுக்கு மூலதனம் அளிக்க வேண்டும். மூன்றாவது காரியம் நம் வீடுகளைச் சேர்ந்தது. எம்.எஸ்ஸி. தேறிய பெண் இன்னும் ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றால், "எப்போது உத்தியோகம், எப்போது கல்யாணம்?" என்று கேட்டு அவளைத் தடுத்துவிடுகிறோம். அவள் தேடப்போவது நம் கிணற்று நீருக்கான மருந்தாகவும் இருக்கலாம். பொறுமையுடன் அவளை அனுப்பி வைப்போமாக!