கடலின் கணக்கேடு

இப்பூமியில் முக்காற்பங்குக்குச் சற்றுக் குறைவாக நீர் பரந்திருக்கிறது என்பதைச் சிறு வகுப்பிலேயே நாம் படித்துவிடுகிறோம். அந்த நீரின் உஷ்ணம் ஆண்டுக்காண்டு கூடுகிறதா, குறைகிறதா என்று ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வது? நிலத்தில் ஊருக்கு ஊர் வானிலை நிலையம் வைக்கலாம். நடுக்கடலில் யார் குடியிருந்து அளப்பார்? தனி ஒரு நாட்டால் ஆகிற காரியம் அன்று இது. ஆகவே பல நாடுகள் அளந்து, அளந்தவற்றை ஒன்றுசேர்த்து, யாவரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

இதற்கு முதலில் வழிகாட்டியவர்களுள் ஒருவர் மாத்யூ மௌரி என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. 1842-ஆம் ஆண்டில் கடற்படையின் வரைபடக் கிடங்குக்குப் பொறுப்பேற்ற அவர், அங்கே கிடந்த பழைய கப்பல் குறிப்பேடுகளைப் படித்து, காற்றும் நீரோட்டமும் காட்டும் படங்களைத் தயாரித்தார். தம் கப்பலின் குறிப்புகளை ஒழுங்காக அனுப்பும் மாலுமிகளுக்கு அப்படங்களை இலவசமாகக் கொடுத்தார். கொடுத்தவன் பெறுவான் என்ற இந்தச் சாதாரண ஏற்பாடு நன்றாகவே பலித்தது. 1853-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பத்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, கப்பல்கள் ஒரே முறையில் குறிப்பெழுத வேண்டும் என்று பேசி முடித்தனர்.

இக்காலத்தில் அளக்கும் வேலையைப் பெரும்பாலும் ‘ஆர்கோ’ மிதவைகள் செய்கின்றன. ஏறக்குறைய ஓர் ஆள் உயரமுள்ள குழாய் போன்ற கருவி அது. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு சென்றுகொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, தன்னுள் இருக்கும் எண்ணெயை வெளிப்பையில் செலுத்திப் பருத்து மேலே எழும். எழும் வழியெல்லாம் உஷ்ணத்தையும் உவர்ப்பையும் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டு, மேலே வந்ததும் செயற்கைக்கோள் மூலம் செய்தி அனுப்பிவிட்டு மறுபடியும் அமிழ்ந்துவிடும். உலகக் கடல்களில் இவை ஏறத்தாழ 4,000 உள்ளன. நம் நாட்டு மிதவைகளின் விவரங்களை ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் பெற்று ஆராய்கிறது. பின்னர் அவை பிரான்சின் பிரெஸ்ட், அமெரிக்காவின் மாண்டெரே ஆகிய இரண்டு இடங்களிலும் சேர்கின்றன. இரண்டிலும் ஒரே ஏடுதான் இருக்கும். பெரும்பாலான அளவுகள் 24 மணி நேரத்துக்குள் எவர் கைக்கும் கிடைத்துவிடும். காசு கிடையாது.

வந்த எண்களை அப்படியே நம்பிவிடுவதில்லை. மிதவை நிலத்தின்மேல் நிற்பதாகக் காட்டுகிறதா, நம்ப முடியாத வேகத்தில் ஓடியிருக்கிறதா என்றெல்லாம் கணிப்பொறி சோதிக்கும். ஒரு கடலுக்கு ஏற்ற விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது. மற்றக் கடல்களின் ஆழத்தில் நீர் சில்லென்று இருக்க, செங்கடலின் அடியிலோ 21 டிகிரிக்கு மேல் இருக்கிறது! தவறென்று தோன்றும் எண்ணையும் அழித்துவிடமாட்டார்கள். அதன் பக்கத்தில் ஓர் அடையாளம் இட்டு வைப்பார்கள். எமக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

இவ்வழக்கத்தின் பயன் விரைவிலேயே தெரிந்தது. 2003 முதல் 2005 வரை கடலின் மேற்பகுதி குளிர்ந்துவிட்டது என்று 2006-இல் ஜான் லைமன், ஜாஷ் வில்லிஸ், கிரெகரி ஜான்சன் என்னும் மூன்று விஞ்ஞானிகள் அறிவித்தனர். பூமி வெப்பமடைகிறது என்ற கருத்துக்கே இது முரணாக இருந்தது. ஆனால் நீர் குளிர்ந்தால் சுருங்க வேண்டுமன்றோ? செயற்கைக்கோள்களோ கடல்மட்டம் உயர்ந்துவருவதாகக் காட்டின. எங்கோ கணக்கு உதைத்தது. வில்லிஸ் மறுபடியும் மிதவைகளைச் சோதித்தார். அவற்றுள் ஒரு வகையில் பிழை இருந்தது. ஓர் ஆழத்தில் எடுத்த உஷ்ணத்தை வேறோர் ஆழத்தின் கணக்கில் அவை எழுதிவந்தன. 2007-இல் அவர்களே தங்கள் முடிவைத் திருத்தி வெளியிட்டனர். கண்ட குளிர்ச்சி கருவியின் கோளாறு என்று ஆயிற்று. எந்த எண் எந்த மிதவையிலிருந்து வந்தது என்ற விவரம் ஏட்டில் இருந்ததால் அல்லவா பிழையுள்ளவற்றைப் பிரித்தெடுக்க முடிந்தது?

அப்போது வேறொரு சிக்கலும் வெளிப்பட்டது. மிதவைகளுக்கு முன்பு, கப்பலிலிருந்து கடலில் போடும் ஒருவகை வெப்பமானியையே அதிகம் நம்பினார்கள். அது ஆழத்தை அளப்பதில்லை. விழத் தொடங்கி எத்தனை வினாடி ஆயிற்று என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுக்கொள்வார்கள். விழும் வேகத்தைத் தவறாகக் கொண்டால் ஆழமும் தவறிவிடும். அப்பழைய அளவுகள் உள்ளதைவிடச் சற்று அதிக உஷ்ணம் காட்டின. வேகமோ கருவியின் வகைக்கு வகை வேறுபடும்.

பழைய குறிப்பேடுகளைத் தேடிக் காப்பாற்ற 1993-இல் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் தனித் திட்டமே தொடங்கியது. காகிதத்தில் மங்கிக்கொண்டிருந்த எத்தனையோ அளவுகள் அதனால் கணிப்பொறியில் ஏறின. ஆயினும் அவற்றுள் பலவற்றில் நாள் இருக்கும், இடம் இருக்கும், உஷ்ணம் இருக்கும். எந்த வகைக் கருவி என்பது மட்டும் இராது. அந்த ஆண்டில் எந்த நாட்டுக் கப்பல் எதைப் பயன்படுத்தியது, கருவி எவ்வளவு ஆழம் வரை அளந்திருக்கிறது என்று பார்த்துத்தான் விஞ்ஞானிகள் அதை இன்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.