வளையம் ஒன்று, வினை இரண்டு

தமிழாசிரியனுக்கு மருந்து இரசாயனத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். ‘கடைத்தெரு’ என்பதனைத் ‘தெருக்கடை’ என்றால் பொருள் மாறுகின்றதன்றோ? சொற்கள் அவையே, நின்ற இடமே வேறு. மருந்துகளிலும் இவ்விலக்கணம் உண்டு. அதனைக் காட்ட மலேரியா மருந்துகளினும் சிறந்த சான்றினை யான் அறியேன்.

1820இல் பிரெஞ்சு அறிஞர் இருவர் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். அதனுள் குயினோலின் என்னும் இரட்டை வளையம் உளது. அவ்வளையத்தின் 4ஆம் இடத்தில் நைதரசன் கொண்ட பக்கச் சங்கிலியொன்றைப் பூட்டி 1934இல் செருமனியில் ஆக்கப்பட்டதே குளோரோகுயின். சங்கிலி 8ஆம் இடத்தில் நிற்பது பிரிமாகுயின்.

குளோரோகுயின் செங்குருதிக் கலத்திலுள்ள கிருமியைக் கொல்வது. கிருமியின் உடலில் அமிலம் நிறைந்த இரைப்பை ஒன்றுண்டு. மின்னேற்றமின்றி அதனுட் புகும் மருந்து, அமிலத்தால் மின்னேற்றம் பெற்றபின் வெளியேற மாட்டாது தங்கிவிடும். 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் அடைப்பதை இக்கரையோரத்தார் அறிவர். உட்புகுந்த தோணி வாயில் தூர்ந்தபின் அகப்பட்டது போன்றதே இந்நிலை. அங்குத் தேங்கிய மருந்து, கிருமி தான் உண்ட குருதியின் நச்சுக் கழிவைப் படிகமாக்கி ஒதுக்கவிடாது தடுக்கின்றது. தன் உணவே நஞ்சாகிக் கிருமி மடிகின்றது. எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமியோ மருந்தை வெளியேற்றப் புதுவழி சமைத்துக்கொள்கின்றது.

ஆயினும் விவாக்சு வகைக் கிருமி ஈரலிலும் உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து எழும். அதனைக் குளோரோகுயின் தீண்டாது, பிரிமாகுயினே அழிக்கும். வியப்பு யாதெனில், விழுங்கிய பிரிமாகுயின் நேரே கொல்வதில்லை. ஈரலின் நொதியம் அதனை மாற்றியபின் பிறக்கும் பொருள்களே கொல்கின்றன. அந்நொதியம் குன்றியோருக்கு மருந்து உண்டும் நோய் மீளலாம். அப்பொருள்களே செங்குருதிக் கலங்களை ஒட்சியேற்றவும் செய்கின்றன. ஜி6பிடி என்னும் காப்பு நொதியம் குறைந்தோரின் கலங்கள் அதனைத் தாங்காது உடையும், சிறுநீர் கறுக்கும். இக்குறைபாட்டினை 1956இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இது பிறவியில் வருவது, ஆண்களிடத்தே மிகுதி. ஆதலின் குருதியைச் சோதித்த பின்னரே பிரிமாகுயின் கொடுத்தல் வேண்டும்.

2018இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற தபெனோகுயினும் இவ்வினத்ததே. பிரிமாகுயின் சில மணி நேரத்திற் பாதியாகக் குறைவது. இதுவோ இரு வாரமளவும் நிற்கும். ஒருவேளை மருந்தே போதும் என்பது நன்மை. தீங்கு தொடங்கினால் மீளப் பெறவியலாது என்பது அதன் மறுபக்கம்.

இஃதெல்லாம் நமக்கெதற்கு? 1934–35இல் இலங்கையில் இந்நோயால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1963இல் நோயாளர் 17 பேரே. கண்காணிப்புத் தளர, 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டினர். 2016இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. நுளம்பு நீங்கவில்லை. அயல்நாட்டிலிருந்து விவாக்சுடன் திரும்பியவர், காய்ச்சல் விட்டதேயென்று பதினான்கு நாட் பிரிமாகுயினை ஐந்தாம் நாளில் நிறுத்துவாராயின், கிருமி அவர் ஈரலில் உறங்கியவாறே இவ்வூரில் வாழும்.