ஃபோல்டருக்குப் பெயர் தெரியாது

திருப்பூர் வாசகர் ஒருவருக்கு ஒரு சங்கடம். எட்டுக் கணினிகள் கொண்ட அலுவலகம். சம்பளக் கணக்கு ஃபோல்டரை ஆளாளுக்குத் திறந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், சர்வரில் 'அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு குழு அமைத்து, அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயரையும் அதில் சேர்த்தார். அவருக்கு மட்டும் 'அக்சஸ் டினைட்' என்றே வருகிறதாம். "பெயர் இருக்கிறது, எழுத்துப் பிழைகூட இல்லை. கணினிக்குக் கண் அவிந்துவிட்டதா?"

கண் நன்றாகத்தான் இருக்கிறது. பெயரை அது பார்ப்பதே இல்லை. பயனர் கணக்கு உண்டாகும்போதே விண்டோஸ் அதற்கு நீளமான ஓர் எண் கொடுத்துவிடுகிறது. எஸ்-1-5-21 என்று தொடங்கி 1001, 1002 என்பதுபோல முடியும். ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் பதிவது அந்த எண்தான். திரையில் பெயர் காட்டுவது நம் வசதிக்கு. அட்மினிஸ்ட்ரேட்டரின் எண் எப்போதும் 500 என்று முடியும். திருடனை ஏமாற்ற 'முனியாண்டி' என்று பெயர் மாற்றினாலும் வால் மாறாது. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழித்துவிட்டு, அவர் திரும்பி வந்ததும் அதே பெயரில் உண்டாக்கினால் அவர் புது ஆள். பழைய எண் செக்யூரிட்டி பக்கத்தில் ஆவி மாதிரி தொங்கும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று? இங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி வருகிறது. அவர் கணினி சர்வரோடு இணையும் நொடியில், அவருடைய எண்ணையும் அவர் இருக்கும் குழுக்களின் எண்களையும் எழுதி சர்வர் ஒரு டோக்கன் கிழிக்கிறது. டோக்கன் என்பதே அதன் பெயர். உவமைக்கு நான் அலைய வேண்டியதில்லை. பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் கொடுப்பார்களே, அந்த மாதிரிதான். பிறகு ஃபோல்டரைத் தட்டும்போதெல்லாம் சர்வர் டோக்கனைத்தான் பார்க்கும். காலை ஒன்பதுக்கு டோக்கன் கிழித்தாயிற்று. நம் வாசகர் குழுவில் பெயர் சேர்த்தது பதினொன்றுக்கு. குடும்ப அட்டையில் பெயர் ஏறிவிட்டது, கையில் இருப்பதோ பழைய டோக்கன். லாக் ஆஃப் செய்து திரும்பி வரச் சொல்லுங்கள், திறக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. குழுவிலிருந்து நீக்கப்பட்டவர் இணைப்பைத் துண்டிக்காமல் உட்கார்ந்திருந்தால், பழைய டோக்கனுக்குக் கரும்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். (எந்த ரேஷன் கடைக்காரரும் இவ்வளவு ஏமாளி இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.)

அடுத்த தலைவலி இரட்டை வாசல். 'ஷேரிங்' பக்கத்து அனுமதி தெருக் கேட், 'செக்யூரிட்டி' பக்கத்து அனுமதி அறைக் கதவு. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். எது இறுக்கமோ அதுதான் செல்லும். சர்வர் முன்னாலேயே வந்து உட்காருபவருக்குக் கேட்டே கிடையாது. ஆகவே பூட்டை அறைக் கதவில் போடுங்கள். 'எவ்ரிஒன்' குழுவுக்கு 'டினை' மட்டும் போட்டுவிடாதீர்கள். மறுப்புதான் முதலில் படிக்கப்படும், அந்த எல்லோரில் நீங்களும் ஒருவர்.

வரலாறு கேட்பவர்களுக்காக: ஃபோல்டரைப் பகிரும் எஸ்எம்பி என்ற ஏற்பாடு 1980களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் வகுத்தது. அறைக் கதவு 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தது. போதும்.

இதற்குள் வாசகரிடம், யாரையும் நம்பாதே என்னும் 'ஜீரோ டிரஸ்ட்' பெட்டி விற்க ஒருவர் வந்துவிட்டாராம். எட்டுக் கணினிக்கு! 'வான்னாக்ரை வந்தால் என்ன செய்வீர்கள்' என்று பயமும் காட்டியிருக்கிறார். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற நச்சு நிரல் டோக்கன் கேட்டு வரிசையில் நிற்கவில்லை, உண்மைதான். எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகச் சுவரைக் குடைந்து வந்தது. ஆனால் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே இலவசமாகக் கொடுத்திருந்தது. பெட்டிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்ற வரிக்கு எதிரே டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள். பழைய ஸ்கேனர் ஏதாவது முரண்டு பிடிக்கலாம், அதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.