காலுக்கடியில் ஒரு கிணற்று ராட்டினம்

நியூஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2008 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார். அவருடைய நண்பரிடம் அதே காரின் முந்தைய தலைமுறை, 2003 மாடல். வாசகரின் கார் 2 லிட்டர், நண்பருடையது 1.8 லிட்டர். எஞ்சின் பெரியது, வண்டி வேகமானது. ஆனாலும் நண்பரின் காரை ஒரு நாள் ஓட்டிவிட்டுத் தன் காரில் ஏறியதும் ஆக்சிலரேட்டர் உயிரில்லாமல் இருந்ததாம். ‘பெடலுக்கும் எஞ்சின் கணினிக்கும் நடுவில் செருகுகிற ஒரு சின்னப் பெட்டியை விளம்பரத்தில் பார்த்தேன். மாட்டினால் பிக்கப் எகிறும், பழைய துடிப்பு வந்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?’ என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம். அவர் எதையோ இழந்திருப்பது உண்மை. அதைப் பெட்டியால் திருப்பித் தர முடியாது என்பதும் உண்மை. அவர் இழந்தது வேகத்தையும் இல்லை, சக்தியையும் இல்லை. உராய்வை இழந்திருக்கிறார்.

பெட்டியை முதலில் முடித்துவிடுவோம், அதில் சொல்ல அதிகம் இல்லை. நண்பரின் காரில் பெடலிலிருந்து ஒரு எஃகுக் கேபிள் நேரே எஞ்சினுக்குப் போய், காற்றுக்குழாயின் குறுக்கே சுழலும் வட்டத் தகட்டைத் திறக்கிறது. அந்தத் தகடுதான் த்ராட்டில். வாசகரின் காரில் கேபிள் கிடையாது. பெடலின் அச்சில் உள்ள உணர்கருவிகள் கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மின்னழுத்தமாகக் கணினிக்குச் சொல்கின்றன. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும் என்பதால் இரண்டு தனித்தனிச் சமிக்ஞைகள் போகின்றன. கணினி அவற்றைப் படித்து ஒரு சின்ன மோட்டாரால் தகட்டைத் திருப்புகிறது. விளம்பரப் பெட்டி இந்த வழியில் உட்கார்ந்துகொண்டு எண்ணை மாற்றிச் சொல்கிறது. நீங்கள் 20 சதவீதம் மிதித்தால் கணினியிடம் 40 என்கிறது. 50 மிதித்தால் 80 என்கிறது. 100 மிதித்தால் 100 என்றுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் எண் கிடையாது. முழுக்க மிதித்தால் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கார், அதே வேகம்.

இந்த வித்தையைக் கார் நிறுவனங்களே செய்கின்றன. 2000இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 காரில் ‘ஸ்போர்ட்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் அதே மிதிக்கு த்ராட்டில் சீக்கிரம் திறக்கும். 343 குதிரைத் திறன் 343ஆகவே இருக்கும். அதில் ஏமாற்று இல்லை, ஓட்டுபவரின் விருப்பத்துக்கு விட்ட ஒரு வசதி. ஆனால் ஷோரூமிலிருந்து டெஸ்ட் டிரைவ் எடுத்து, தெருமுனை வரை போய்வந்து, ‘தொட்டவுடன் பறக்கிறது’ என்று வியக்கிற எவரும் எஞ்சினைப் பாராட்டுகிறோமா, ஒரு எண் பட்டியலைப் பாராட்டுகிறோமா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது குடிக்கிற காற்று கொஞ்சம்தான். 7,000 சுற்றுக்குத் தேவையான அகலத்தில் செய்த குழாய் 2,000 சுற்றில் பாதி திறப்பதற்குள்ளேயே கிட்டத்தட்ட எல்லாக் காற்றையும் கொடுத்துவிடும். அதையும் முன்னுக்கு இழுத்தால், பெடலின் முதல் சிறு பகுதியிலேயே கார் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுகிறது. மீதித் தூரத்தில் ஒன்றும் நடக்காது.

இனி உராய்வுக்கு வருவோம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இது கையிலேயே தெரியும். கிறீச்சிடும் பழைய ராட்டினம், தாம்புக்கயிறு, வாளி. நிறைந்த வாளி 10 கிலோ என்று வையுங்கள். மேலே இழுக்கும்போது கைக்கு 10 கிலோவுக்கு மேல் தெரியும், ஏனென்றால் ராட்டினத்தின் அச்சு இழுப்பவருக்கு எதிராகத் தேய்கிறது. மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினால் கனம் சட்டென்று குறைந்ததுபோல் இருக்கும். இப்போது வாளி கீழே போகப் பார்க்கிறது, உராய்வு கட்சி மாறி நம் பக்கம் வந்து வாளியைத் தாங்குகிறது. எட்டு கிலோவுக்குப் பிடித்தாலும் வாளி நிற்கும், பதினொன்றுக்குப் பிடித்தாலும் நிற்கும். அந்த இடைவெளிக்குள் கை சற்று நடுங்கலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசலாம், வாளி அசையாது. இதே ராட்டினத்துக்குப் பால் பேரிங் போட்டுப் பாருங்கள். இழுப்பது சுலபம்தான். ஆனால் நிறுத்திவைக்கும்போது கையின் ஒவ்வொரு நடுக்கமும் வாளிக்குப் போகும், தண்ணீர் தளும்பும்.

ஆக்சிலரேட்டர் கேபிள் இப்படி ஒரு ராட்டினம். நெளிந்து வளைந்து போகும் உறைக்குள் உள்கம்பி ஓடுகிறது. வளையும் இடமெல்லாம் கம்பி உறையின் உட்சுவரில் அழுந்தித் தேய்கிறது. வளைவில் போகும் கயிற்றின் இழுவிசை எத்தனை மடங்கு கூடும் என்பதற்குக் கணிதவியலாளர் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் எழுதிவிட்டார். அதில் வருவது இரண்டே விஷயங்கள்: உராய்வுக் கெழுவும், கயிறு மொத்தம் திரும்பிய கோணமும். வளைவு அகலமா குறுகலா என்பது சூத்திரத்திலேயே கிடையாது. இதை முதன்முதலில் படித்தபோது நம்ப முடியாமல் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகலமான வளைவில் கம்பி மெதுவாக அழுந்துகிறது, ஆனால் நீளமாக அழுந்துகிறது. இரண்டும் சரியாகக் கழிந்துவிடுகின்றன.

உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொள்வோம். கேபிள் போகும் பாதையில் எல்லா வளைவுகளையும் கூட்டினால் 180 பாகை. விசை 1.37 மடங்காகும். த்ராட்டில் ஸ்பிரிங் பெடலில் கேட்பது 2 கிலோ என்றால், மிதிக்கும்போது காலுக்குத் தெரிவது சுமார் 2.7 கிலோ. விடும்போது கால் 1.5 கிலோவுக்கும் கீழே தளர்ந்தால்தான் பெடல் மேலே வர ஆரம்பிக்கும். நடுவில் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ அகலத்துக்கு ஒரு திண்ணை. கால் அதன் மேல் எங்கே உட்கார்ந்தாலும் பெடல் நின்ற இடத்தில் நிற்கும்.

பள்ளியில் இரும்பைக் காந்தமாக்கும்போது ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் வேறு வேறாக வரும் கண்ணியை வரைந்திருப்போம். காந்தத் தயக்கம் என்று பாடநூல் சொன்னது. பெடலுக்கும் அப்படி ஒரு தயக்கக் கண்ணி உண்டு. இந்தத் தயக்கம்தான் ஓட்டுபவருக்கு நிதானத்தைத் தருகிறது. முதல் கியரில் புதிதாக ஓட்டுபவர்களின் கார் குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கார் முன்னே பாய்கிறது, உடல் பின்னால் சாய்கிறது, கால் பெடலைவிட்டு விலகுகிறது. உடனே கார் தளர்கிறது, உடல் முன்னே வருகிறது, கால் மறுபடி அழுத்துகிறது. காருக்கும் காலுக்கும் நடுவே ஓடும் இந்த ஊஞ்சலை அந்தத் திண்ணை வெட்டிவிடுகிறது, சின்ன அசைவு த்ராட்டிலுக்குப் போவதே இல்லை. பெட்டி செய்வது நேர் எதிரானது. திண்ணையை அது தொடுவதில்லை, அசைவை மட்டும் இரண்டு மடங்காக்கி அனுப்புகிறது. ஊஞ்சலுக்கு அது இன்னொரு தள்ளு.

கேபிளை எடுத்துவிட்டு மின்சாரப் பெடல் செய்தபோது பொறியாளர்கள் இதைக் கவனித்தார்கள். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பெடல் வழுக்குகிறது, மேடு பள்ளத்தில் கால் ஆடினால் எஞ்சினும் ஆடுகிறது, ஒரே வேகத்தில் அரை மணி நேரம் பிடித்திருந்தால் கணுக்கால் வலிக்கிறது. ஆகவே இத்தனை காலம் கிரீஸ் போட்டுக் குறைக்கப் பார்த்த உராய்வை இப்போது வேண்டுமென்றே செய்து உள்ளே வைத்தார்கள். பெடல் கூட்டுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை, ஸ்பிரிங்கின் விசையால் ஒரு பரப்பின் மேல் அழுந்தித் தேய்கிறது. மிதிக்க மிதிக்க ஸ்பிரிங் இறுகுகிறது, கட்டையும் கூடுதலாக அழுந்துகிறது, உராய்வும் ஏறுகிறது. கேபிள் செய்ததும் இதேதான். கேபிளே இல்லாத காரில் கேபிளின் உராய்வை நடிக்கும் ஒரு உறுப்பு! வாகனத் துறையில் நான் பார்த்த மிக அழகான யோசனைகளில் இதுவும் ஒன்று.

அந்த அழகு தவறவும் செய்யும். மார்கழிப் பனியில் ஊறிய தேங்காய்நார்க் கயிறு உப்பி, ராட்டினத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே இறுகிக்கொள்ளும். கையை விட்டாலும் வாளி கிணற்றின் பாதியில் அந்தரத்தில் நிற்கும். 2010 ஜனவரியில் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது இதுபோன்ற ஓர் ஒட்டலுக்காகத்தான். சி.டி.எஸ். என்ற நிறுவனம் செய்துகொடுத்த பெடல்களில் உராய்வுக் கட்டை தேய்ந்து, ஈரம் படியும்போது ஒட்டிக்கொண்டது. காலை எடுத்தாலும் பெடல் மெதுவாகத்தான் திரும்பியது, சிலவற்றில் பாதியில் நின்றது. கணினியில் ஏதோ புரியாத கோளாறு என்று அன்று தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் பேசின. நாசா பொறியாளர்கள் மின்னணுப் பகுதிகளைச் சோதித்து, அவற்றில் அப்படிப்பட்ட கோளாறு எதுவும் தெரியவில்லை என்று 2011இல் அறிக்கை கொடுத்தார்கள். ஒட்டிக்கொண்ட பெடலுக்கான மருந்து, கட்டையின் அழுத்தத்தைக் குறைக்க நடுவில் செருகிய ஒரு சின்ன எஃகுத் துண்டு.

எல்லா உராய்வும் நல்லதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான விசை, நகர்வதை ஓட்டிச் செல்லத் தேவையானதைவிட மிக அதிகமாக இருந்தால் பெடல் முதலில் முரண்டு பிடிக்கும், பிறகு துள்ளும். த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்த கேபிள் கார்களில் இது நடக்கும். சிக்னலில் மெல்லக் கிளப்ப நினைத்தால் கார் தாவுகிறது. ஓட்டுபவர் பெடல் ‘ஷார்ப்’பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். தகட்டைத் துடைத்தால் தாவல் போய்விடும். கேபிள் உறைக்கு டெஃப்லான் உள்ளுறை போடுவதும் இதற்காகத்தான். டெஃப்லானின் சிறப்பு குறைந்த உராய்வு மட்டும் இல்லை, நிற்கும்போதும் நகரும்போதும் அது ஏறக்குறைய ஒன்றாகவே தேய்கிறது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் எஞ்சினை முடுக்க ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கை நெம்புகோல்தான். உறைக்குள் கம்பி ஓடும் கேபிளுக்கு 1896இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் பௌடன். பந்தய ஓட்டுநர் ஃபாஞ்சியோ 1957இல் ஓட்டிய மசராட்டி 250எஃப் காரில் ஆக்சிலரேட்டர் நடுவில் இருந்தது, பிரேக் வலப்பக்கம். கேபிள் இல்லாத பெடல் 1980களின் இறுதியில் பி.எம்.டபிள்யூவின் 12 சிலிண்டர் காரில் வந்தது. 1997இல் கார்வெட், 2005இல் மூன்றாம் தலைமுறையாக வந்த எம்எக்ஸ்-5.

வாசகரின் நண்பருக்கு ஒரு வேலை சொல்கிறேன். கேபிள் காரில் இந்த உணர்வைக் கையாலேயே திருத்தலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை முழுக்க மிதிக்கட்டும், இன்னொருவர் பானெட்டுக்குள் பார்க்கட்டும். பல பழைய கார்களில் கால் தரையைத் தொட்டாலும் தகடு முழுக்கத் திறந்திருக்காது. கேபிள் முனையில் உள்ள இரண்டு நட்டுகளைத் திருப்பினால் சரியாகும். முழுக்க இறுக்கிவிடக் கூடாது, கொஞ்சம் ப்ளே விட வேண்டும். எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் அசையும் வண்டியில், இறுகிய கேபிள் தானாகவே த்ராட்டிலை இழுத்துவிடும், ஐடிலிங்கும் ஏறும். கேபிள் போகும் பாதையில் யாரோ பேட்டரி மாற்றும்போது தேவையில்லாமல் வளைத்துவிட்டிருந்தால் அதையும் நேராக்கலாம். ஒரு வளைவு குறைந்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஆய்லரின் கணக்கு இருக்கிறது.

வாசகரின் காரில் இந்தச் சுதந்திரம் இல்லை. அவருடைய திண்ணை நண்பருடையதைவிடக் குறுகலாக இருக்கலாம், ஆனால் அதன் அகலம் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டுவிட்டது. பெடல் கூட்டைப் பிரித்து அந்தக் கட்டையைத் தொடவே கூடாது, 23 லட்சம் வண்டிகளின் கதை அதற்குப் போதும்.

ஆனால் அளந்து பார்க்கலாம். சமையலறையின் தட்டையான டிஜிட்டல் தராசை, சாவியை எடுத்துவிட்ட காரில், பெடலின் மேல் வைத்துக் கையால் அழுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோல். ஒவ்வொரு சென்டிமீட்டர் இறங்கும்போதும் எடையைக் குறித்துக்கொண்டு, அதே இடங்களில் மெல்ல விடும்போதும் குறிக்க வேண்டும். தாளில் இரண்டு கோடுகள் வரும். நண்பரின் காரிலும் அதையே செய்து, இரண்டு தாள்களையும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.