ஒளியில் வரும் மின்சாரம்: 69 எப்படி 15 ஆகிறது?

2021-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரிலுள்ள ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகம், தன்மேல் விழும் லேசர் ஒளியில் 68.9 சதவீதத்தை மின்சாரமாக்கும் செல்லைச் செய்து காட்டியது. 2025-இல் ஜப்பானின் வகயாமாவில், விமான ஓடுபாதை ஒன்றில் என்டிடி நிறுவனமும் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸும் சுமார் 1 கிலோவாட் லேசரை 1 கி.மீ. தூரம் பாய்ச்சின. மறுமுனையில் கிடைத்தது 152 வாட், 15 சதவீதம். அதுவும் சாதனைதான். மீதி எங்கே போனது?

முதலில், 68.9 எப்படிக் கிடைத்தது? வெயிலில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. ஆற்றல் குறைந்த ஒளித்துகளால் செல்லுக்குப் பயனில்லை. கூடுதலாக உள்ளது மிச்சத்தை வெப்பமாக விட்டுவிடும். லேசருக்கோ ஒரே அலைநீளம். காலியம் ஆர்சனைடு செல்லுக்கு ஏற்ற 858 நானோமீட்டர் ஒளியை ஃப்ரைபர்க்கில் பயன்படுத்தினார்கள். தப்பிய ஒளியைத் திருப்பியனுப்ப செல்லின் முதுகில் ஓர் ஆடியும் பதித்தார்கள். ஓடுபாதையில் இருந்தது சிலிக்கான் செல். முதல் சரிவு அங்கேயே.

பெரிய தலைவலி கற்றையின் வடிவம். லேசர் ஒளி நடுவில் பளீரென்றும் ஓரத்தில் மங்கலாகவும் விழும். தொடராக இணைத்த செல்கள் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். மெதுவாக நடப்பதன் வேகம்தான் வண்டியின் வேகம். ஓரச் செல் தரும் மின்னோட்டத்துக்கு மேல் நடுச் செல்லால் தர முடியாது. மிச்சம் சூடாகும், சூடேறினால் மின்னழுத்தமும் இறங்கும். ஜப்பானியர்கள் புறப்படும் இடத்திலேயே கற்றையின் ஓரத்தை வளையமாக்கி, நடுவை விரித்து, 1 கி.மீ. தள்ளி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி செய்தார்கள். தரையை ஒட்டிய காற்றின் அலைவில் ஒளி மினுமினுக்கும். அதைச் சமாளிக்க, பெறும் பக்கத்தில் ஒளியைப் பரப்பும் அமைப்பும் மின்னோட்டத்தைச் சமன்செய்யும் சுற்றும் இருந்தன. சோதனை 30 நிமிடம் தொடர்ந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவின் ராணுவ ஆய்வு முகமையான டார்பா, நியூ மெக்சிகோவில் 8.6 கி.மீ. தூரத்துக்கு 800 வாட்டுக்கு மேல் அனுப்பியது, 30 விநாடிக்கு. அந்த மின்சாரத்தில் கொஞ்சத்தைக் கொண்டு பாப்கார்ன் பொரித்தார்கள், செய்திக்கு நல்ல தீனி! அங்கே இலக்கு தூரம்தான். செயல்திறனைப் பொறுத்தவரை, அந்த 30 விநாடியைவிட ஜப்பானியர்களின் 30 நிமிடமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதில் ஒரு கணக்கு விடுபட்டிருக்கிறது. 15 சதவீதம் என்பது லேசரிலிருந்து வெளிவந்த ஒளிக்கான கணக்கு. லேசர் இழுக்கும் மின்சாரத்தில் பாதிதான் ஒளியாகிறது என்று வைத்துக்கொண்டால், பிளக்கில் எடுத்த 100 வாட்டுக்கு மறுமுனையில் 7 அல்லது 8 வாட். கம்பி இழுக்க வழியிருக்கும் இடத்தில் யாரும் இதை நாட மாட்டார்கள். ஆனால் தொலைவில் பறந்துகொண்டிருக்கும் டிரோனுக்குக் கம்பி இழுக்க முடியாது.